இருட்டறையும் இரு கண்களும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல் மாணவி)

குழந்தையைக் கொஞ்சும்போது 'கண்ணே' என்கிறோம். ஒரு பொருளைப் பத்திரமாக வைத்திருந்தால் 'கண்ணைப் போலக் காத்தேன்' என்கிறோம். ஒரு வேலையைக் கவனமாகச் செய்தால் 'கண்ணும் கருத்துமாகச் செய்தான்' என்று பாராட்டுகிறோம். பேச்சில் கண்ணுக்கு இத்தனை மதிப்புக் கொடுக்கும் நாம், செயலில் அந்தக் கண்ணுக்கு என்ன செய்கிறோம்? இந்தக் கேள்வியைப் பிறரைப் பார்த்துக் கேட்கும் முன் என்னைப் பார்த்தே கேட்டுக்கொள்ள வேண்டியவள் நான். அதன் காரணத்தை இக்கட்டுரையின் இடையில் ஒளிக்காமல் சொல்கிறேன்.

கைப்பேசியைத் தொட்டவுடன் படம் விழுகிற காலம் இது. எனவே 'இருட்டறை என்றால் என்ன?' என்று கேட்கும் நண்பர்கள் நம்மிடையே பலர் உண்டு. பிலிமில் எடுத்த படத்தைக் கழுவவும், தாளில் அச்சிடவும் வெளிச்சம் புகாமல் அமைத்த அறையே இருட்டறை. பிலிமை முழு இருட்டில் சுருளில் ஏற்றி, ஒளி புகாத டாங்கியில் வைத்து மூட வேண்டும். மூடியபின் விளக்கைப் போட்டுக்கொள்ளலாம். படத்தை வெளிக்கொணரும் டெவலப்பர், அந்த வினையை நிறுத்தும் ஸ்டாப் பாத், படத்தை நிலைக்கச் செய்யும் ஹைப்போ ஆகிய மூன்று கரைசல்களையும் வரிசையாக ஊற்றி எடுத்தால் நெகடிவ் தயார். அதைத் தாளில் அச்சிடும்போது சிவப்பு விளக்கு எரியலாம். கறுப்பு வெள்ளைத் தாள் சிவப்பு ஒளிக்கு மசியாது. இக்கரைசல்களை நம் ஊர் ஸ்டுடியோக்களில் 'மருந்து' என்றே சொல்வார்கள். பெயர் மருந்து, ஆனால் கண்ணுக்கு அது மருந்தன்று என்பதை எங்கள் குடும்பம் பட்டறிந்திருக்கிறது.

என் தந்தை ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். 1986-ஆம் ஆண்டு, தம் பதினான்காம் வயதில், எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தை ஒட்டியிருந்த ஒரு ஸ்டுடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தார். தரை பெருக்கினார், தேநீர் வாங்கி வந்தார், பின்னர் டிரே கழுவினார், அதன்பின் மருந்து கலக்கும் வேலைக்கு உயர்ந்தார். உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையிலிருந்து 'இந்து' என்ற பெயரில் வந்த தாள்களை அவர் இன்றும் வாஞ்சையோடு நினைவு கூர்வார். இருட்டிலேயே விரல் நுனியால் தடவித் தாளின் மருந்துப் பக்கம் எது என்று சொல்லிவிடுவாராம்.

1994-ஆம் ஆண்டு. பொதுத் தேர்வுக் காலம். விண்ணப்பத்துக்குப் பாஸ்போர்ட் அளவுப் படம் கேட்டு மாணவர் கூட்டம் நெரிந்தது. ஸ்டாப் பாத் தீர்ந்துவிடவே, இரண்டரை லிட்டர்ப் புட்டியிலிருந்து அடர் அசெட்டிக் அமிலத்தை ஒரு சிறு புட்டிக்கு மாற்றினார் என் தந்தை. சிவப்பு விளக்கின் மங்கிய ஒளியில் மட்டம் தெரியவில்லை. எனவே சிறு புட்டியைத் தம் முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஊற்றினார். பெரிய புட்டியின் கழுத்துக் குறுகலானது. காற்று உள்ளே போன வேகத்தில் அமிலம் 'குபுக்' கென்று துள்ளி அவர் இடக் கண்ணில் தெறித்தது.

தோளில் கிடந்த துண்டால் துடைத்தார். அடுத்த கடை அம்மா ஓடி வந்து விளக்கெண்ணெய் விட்டார். மறுநாள் காலையில்தான் மருத்துவமனைக்குப் போனார்கள். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "உடனே தண்ணீர் விட்டுக் கழுவினாயா?" என்பதுதான். நண்பர்களே, அவர் நின்ற இடத்துக்கு இரண்டடி தள்ளி, படங்களை அலசுவதற்கென்றே ஒரு தொட்டி நிறையத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது! படம் கழுவ நீர் இருந்தது. அதில் கண்ணையும் கழுவலாம் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. அந்தக் கண்ணில் பூ விழுந்துவிட்டது. இன்று ஒரு பெட்டிக் கடையில் அமர்ந்திருக்கும் என் தந்தை, இடப்புறமாக யாராவது வந்து நின்றால் முகத்தை முழுவதும் திருப்பித்தான் பார்ப்பார்.

"புட்டியில் எச்சரிக்கை எழுதியிருக்குமே, அப்பா?" என்று சிறு வயதில் கேட்டிருக்கிறேன். "இங்கிலீஷ்ல என்னமோ இருந்துச்சு கண்ணு. ஒரு கையி மேல சொட்டுச் சொட்டா விழுகிற மாதிரிப் படமும் போட்டிருந்துச்சு. கையில படக் கூடாதாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். கண்ணுன்னு அதுல போடலையே" என்றார். அவர் சொன்னது உண்மைதான். அரிக்கும் பொருளைக் குறிக்கும் அந்தப் படத்தில் ஒரு கையும் ஓர் உலோகத் துண்டும்தான் இருக்கும், கண் இராது.

நிற்க. இனி அந்த 'மருந்து' களைச் சற்றே வேதியியல் மாணவியாக நின்று பார்ப்போம்.

டிரேயில் இருக்கும் ஸ்டாப் பாத்தில் அசெட்டிக் அமிலம் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்குதான் இருக்கும். அதாவது, ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகரை விடவும் வலுக் குறைந்தது. ஆனால் புட்டியில் இருப்பதோ ஏறத்தாழ நூற்றுக்கு நூறு பங்கு அமிலம். அது 16.6 டிகிரி செல்சியஸில் பனிக்கட்டி போல் உறையும். உதகையின் குளிர் இரவில் உறைந்து தன்னைக் காட்டிக்கொள்ளும் அது, நம் சமவெளி வெயிலில் தண்ணீரைப் போலவே அசைகிறது. தண்ணீரைப் போலத் தோன்றுவதே அதன் அபாயம்.

டெவலப்பரோ காரத் தன்மை உடையது. புகழ்பெற்ற டி-76 என்ற வாய்பாட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர்க் கரைசலுக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். இது மென்மையான காரம். தாளுக்கான டெவலப்பர்களில் போராக்ஸுக்குப் பதில் சோடியம் கார்பனேட் சேரும். மிகு வேகமுள்ள சில வகைகளில் காஸ்டிக் சோடாவே சேரும். மெட்டால் சிலருக்குத் தோலில் கரப்பானை உண்டாக்கும். ஹைட்ரோகுவினோன் தூளின் கதை இன்னும் கவலைக்குரியது. அமெரிக்காவில் அதைத் தயாரித்த தொழிற்சாலைத் தொழிலாளர்களின் கண்களில் பழுப்புக் கறை படிந்ததையும், கருவிழியின் முன்படலம் மங்கியதையும் மருத்துவர்கள் 1940-களிலேயே கண்டு எழுதினார்கள். எப்போதாவது சில கிராம் எடை போடும் நமக்கு அந்த நிலை வராது என்பது உண்மையே. ஆயினும் தூளைக் கொட்டும்போது முகத்தை மேலே கொண்டுபோய் வைத்துக்கொள்ள அது ஒரு காரணம் ஆகாதல்லவா?

அமிலம் கொடியதா, காரம் கொடியதா என்று கேட்டால் நம்மில் பலர் அமிலம் என்றே சொல்வோம். கண்ணைப் பொறுத்தவரை பெரும்பாலும் காரமே கொடியது. அமிலம் பட்டதும் கண்ணின் மேற்பரப்பிலுள்ள புரதம், எலுமிச்சைச் சாறு பட்ட பால் போலத் திரிந்து இறுகும். அந்த இறுகலே ஓரளவு தடுப்புச் சுவராகி, அமிலம் மேலும் உள்ளே போவதைத் தாமதப்படுத்தும். என் தந்தைக்கு நேர்ந்தது போல, அடர் அமிலமாயின் அந்தச் சுவரும் போதாது. காரமோ திசுவிலுள்ள கொழுப்பைச் சவர்க்காரமாக்கிக் கரைத்துக்கொண்டு உள்ளே உள்ளே இறங்கும். வெற்றிலைச் சுண்ணாம்பு கண்ணில் தெறித்துப் பார்வை கெட்ட குழந்தைகளைப் பற்றி நம் கிராமத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதுவும் இதே வினைதான்.

ஹைப்போ இவற்றுள் சாது. எனினும் அதில் வலிய அமிலம் தவறி விழுந்தால் கரைசல் வெண்மையாய்க் கலங்கி, கந்தகம் பிரிந்து, மூக்கையும் கண்ணையும் உறுத்தும் கந்தக டை ஆக்சைடு எழும் என்பதை நாமே சோதனைக் குழாயில் செய்து பார்த்திருக்கிறோம். வாயில்லாத அறையில் அந்த வாயு எங்கே போகும்?

புகைப்படக் கலையின் வரலாறே இந்த அலட்சியத்தோடுதான் தொடங்குகிறது. 1839-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட டாகரின் முறையில், பாதரசத்தைச் சூடாக்கி அதன் ஆவியில் தகட்டைக் காட்டிப் படத்தை வெளிக்கொணர்ந்தார்கள். 1851-இல் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரத் தகட்டு முறையில், படத்தை நிலைப்படுத்தப் பலர் பொட்டாசியம் சயனைடைக் கையாண்டார்கள். ஹைப்போ வெள்ளி உப்புகளைக் கரைக்கும் என்பதை ஹெர்ஷல் 1819-லேயே கண்டறிந்திருந்தார். பாதுகாப்பான வழி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், வேலை விரைவாய் முடிகிறது என்பதற்காக நஞ்சைத் தேடிப் போனவர்கள் அவர்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை உண்டா?

எனக்கு இல்லை. இப்போது நான் முதலில் சொன்ன காரணத்துக்கு வருகிறேன்.

சென்ற ஆண்டு நம் கல்லூரி அறிவியல் கண்காட்சிக்காக, மாடிப்படியின் கீழே நெடுநாள் பூட்டிக் கிடந்த இருட்டறையை நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து திறந்தோம். ஒட்டடை அடித்தோம், பழைய என்லார்ஜரைத் துடைத்தோம், வேதியியல் ஆய்வுக்கூடத்திலிருந்து பொருள்களை வாங்கி வந்து மருந்து கலக்கினோம். தாள் உறையைக் கூட இன்னும் பிரிக்கவில்லை. ஆனாலும் 'இருட்டறை' என்ற பெருமைக்காகச் சிவப்பு விளக்கை மட்டும் எரியவிட்டிருந்தோம். அடர் அசெட்டிக் அமிலத்தை அளக்கும் பொறுப்பு என்னுடையது. கீழ்ப்பிறை மட்டம் தெரியவில்லை. அளவு ஜாடியைக் கண்ணுக்கு நேரே உயர்த்தினேன். ஊற்றினேன். ஒரு சொட்டு என் மணிக்கட்டில் விழுந்து சுட்டது.

அந்தச் சுடுதலில்தான் எனக்கு உறைத்தது. இருபத்தைந்து முப்பது ஆண்டுகளுக்கு முன் என் தந்தை நின்ற அதே நிலையில், அதே சிவப்பு ஒளியில், அதே அமிலத்தோடு நான் நின்றுகொண்டிருந்தேன். ஒரே ஒரு வேறுபாடு: அவருக்கு அந்த லேபிளைப் படிக்கத் தெரியாது; எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படிக்கத் தெரிந்தும் நான் படிக்கவில்லை. துறை அலமாரியில் இரண்டு பாதுகாப்புக் கண்ணாடிகள் இருந்தன. அவற்றைத் தாருங்கள் என்று நாங்கள் கேட்கவும் இல்லை.

அன்று இரவு மணிக்கட்டின் சிவப்பைப் பார்த்து என் தந்தை விவரம் கேட்டார். சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கண்ணாடி போட்டிருந்தியா கண்ணு?" என்றார். "போட்டிருந்தேனுங்கப்பா" என்றேன். அது பொய். அந்தப் பொய்யின் உறுத்தல்தான் இக்கட்டுரை.

இனி, கண்ணாடி அணியாமைக்கு நாம் சொல்லும் சமாதானங்களைப் பார்ப்போம்.

'இருட்டில் கண்ணாடி போட்டால் ஒன்றும் தெரியாது' என்பது முதல் சமாதானம். உண்மையில் இருட்டறையின் பெரிய ஆபத்து இருட்டில் இல்லை. மருந்து கலக்கும் நேரத்தில்தான் இருக்கிறது. தூளை எடை போடுவதும், அடர் அமிலத்தை நீர்ப்பதும், புட்டிக்குப் புட்டி மாற்றுவதும் முழு வெளிச்சத்தில் செய்ய வேண்டிய வேலைகள். அவற்றை இருட்டில் செய்யச் சொன்னவர் யாருமில்லை. முழு இருட்டில் செய்வது பிலிம் ஏற்றும் வேலை மட்டுமே. அப்போது எந்தத் திரவமும் கையில் இருக்கத் தேவையில்லை. சிவப்பு விளக்கின் கீழே நிறமற்ற கண்ணாடி பார்வையை மறைப்பதும் இல்லை. இன்னும் சொல்லப்போனால், படம் உலர்த்தக் கட்டிய கம்பியும் கிளிப்பும் பெரும்பாலும் முகத்தின் உயரத்தில்தான் தொங்குகின்றன. இருட்டில் அவற்றிலிருந்து காப்பதும் அதே கண்ணாடிதான்.

'நான் பார்வைக் கண்ணாடி அணிந்திருக்கிறேனே' என்பது இரண்டாவது. மூக்குக் கண்ணாடி படிக்க உதவும். தெறிக்கும் துளியைத் தடுக்க உதவாது. அதன் பக்கங்களும் மேற்புறமும் திறந்தே கிடக்கின்றன. முகத்தோடு ஒட்டி, கண்ணைச் சுற்றிலும் மூடும் வகைதான் திரவங்களுக்கு ஏற்றது. பார்வைக் கண்ணாடியின் மேலேயே அணியத்தக்க வகைகளும் கிடைக்கின்றன.

'அனுபவசாலிக்கு எதற்கு?' என்பது மூன்றாவது. நாம் நாள்தோறும் பற்றவைக்கும் அடுப்புக்குப் பெயர் தந்த புன்சன், ஆய்வின்போது நேர்ந்த வெடிப்பில் வலக் கண்ணின் பார்வையை இழந்தவர். வேதியியலில் 2001-லும் 2022-லும் இருமுறை நோபல் பரிசு பெற்ற பாரி ஷார்ப்லஸ், 1970-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இளம் ஆசிரியராக இருந்தபோது, வீட்டுக்குப் புறப்படுவதற்காகப் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். போகிற வழியில் ஒரு மாணவர் மூடி முத்திரையிட்ட கண்ணாடிக் குழாயை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அது வெடித்தது; ஒரு கண் போயிற்று. அவரை விடவா நாம் அனுபவசாலிகள்?

'பணம் எங்கே?' என்பது நான்காவது. இதை நான் இலேசாகத் தள்ளமாட்டேன். கல்வி உதவித் தொகையை எதிர்பார்த்துப் படிக்கும் எங்களைப் போன்றோருக்கு நூறு ரூபாயும் கணக்குத்தான். ஆயினும் சாதாரண ஆய்வகக் கண்ணாடி ஒன்றின் விலை, இரண்டு பேர் ஒரு வேளை பிரியாணி சாப்பிடும் செலவுக்குள் அடங்கும். ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை போடவும், அதில் பொன்னெழுத்து அச்சிடவும் நம்மால் முடிகிறது. அந்த நோட்டைப் படிக்கும் கண்ணுக்கு முடியாதா?

குறை சொல்வதோடு நிறுத்திவிடுவது எளிது. எனவே, பேராசிரியப் பெருமக்களின் முன்னும் நண்பர்களின் முன்னும் சில வேண்டுகோள்களைப் பணிவுடன் வைக்கிறேன்.

முதலாவது, இருட்டறையானாலும் ஆய்வுக்கூடமானாலும், கண்ணாடி அணியாதவருக்கு அனுமதி இல்லை என்ற விதி வேண்டும். ஒரு வகுப்பு முடிந்து மறு வகுப்பு வரும்போது கழுவித் துடைத்துக் கைமாற்றினால், ஓர் அணிக்குத் தேவையான கண்ணாடிகளே பல அணிகளுக்குப் போதும். ஆசிரியர்களும் அணிந்து வந்தால், விதியைச் சுவரில் எழுதவே வேண்டியதில்லை.

இரண்டாவது, ஒவ்வோர் அறையிலும் ஒரு குழாய் கண்ணுக்கென்று ஒதுக்கப்பட வேண்டும். அதன் வாயில் ஒரு ரப்பர்க் குழல் பொருத்தி, எதிரே சாமான்களை அடுக்காமல் வைத்திருந்தால் தொடக்கத்துக்குப் போதும். பத்து விநாடியில் அங்கே போய்ச் சேர முடிய வேண்டும். கண்ணில் எது பட்டாலும் இமைகளை விரலால் விரித்துப் பிடித்து, மெல்லிய நீரோட்டத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் அணிந்திருந்தால் கழுவிக்கொண்டே அதை எடுத்துவிட வேண்டும். அதன்பின் தாமதமின்றி மருத்துவரிடம் போக வேண்டும். எண்ணெய் வேண்டாம், தாய்ப்பால் வேண்டாம். அமிலம் பட்ட கண்ணில் காரத்தையும், காரம் பட்ட கண்ணில் அமிலத்தையும் விட்டு நடுநிலையாக்கும் புத்திசாலித்தனம் வேண்டவே வேண்டாம். நீர் போதும், ஆனால் உடனே வேண்டும்.

மூன்றாவது, ஒவ்வொரு புட்டியிலும் பெயரும், அடர்த்தியும், கலக்கிய தேதியும், எச்சரிக்கையும் தமிழில் எழுதப்பட வேண்டும். நம் ஆய்வக உதவியாளர்களும் துப்புரவுப் பணியாளர்களும் அந்தப் புட்டிகளைத் தொடுகிறவர்கள்தாமே? குளிர்பானப் புட்டியில் மருந்தை ஊற்றி வைக்கும் பழக்கம் அறவே ஒழிய வேண்டும்.

நான்காவது, மருந்து கலக்குபவர் தனியே இருக்கக் கூடாது. நீரை முதலில் எடுத்து, அதில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். அளவு ஜாடியை மேசை மேல் வைத்துவிட்டு நாம்தான் குனிந்து பார்க்க வேண்டும். ஜாடியை முகத்துக்கு உயர்த்தக் கூடாது. மருந்துக் கையால் கண்ணைக் கசக்கக் கூடாது. டிரேயில் விரல் விடாமல் இடுக்கியைப் பயன்படுத்த வேண்டும். துப்பட்டா அணியும் தோழியர் அதை முடிந்துகொள்ள வேண்டும். காற்றை வெளியேற்றும் மின்விசிறி ஒன்று இருட்டறையில் சுழல வேண்டும்.

இவற்றுள் எதற்கும் பெரிய திட்டமோ நிதியோ தேவையில்லை. தேவையானது ஒன்றே: கேட்கும் துணிவு. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நம்மில் பலருக்கு, 'கண்ணாடி கொடுங்கள், ஐயா' என்று கேட்கவே நா எழுவதில்லை. கேட்டால் பயந்தாங்கொள்ளி என்பார்களோ, அதிகப் பிரசங்கி என்பார்களோ என்ற கூச்சம். அந்தக் கூச்சத்துக்குப் பெயர் பணிவு அன்று. என் தந்தைக்குக் கேட்க வேண்டும் என்றே தெரியாது. தெரிந்த நாம் கேட்காமலிருந்தால் நாம் படித்த படிப்புக்கு என்ன பொருள்? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயன் இல்லை.

இந்த ஆண்டும் கண்காட்சி வரும். இருட்டறை திறக்கும். கடையை ஒரு நாள் அடைத்துவிட்டு வந்து பார்ப்பதாக என் தந்தை சொல்லியிருக்கிறார். அதன் வாசலில், 'கண்ணாடி அணிந்தவர் மட்டும் உள்ளே வரலாம்' என்று தமிழில் ஓர் அட்டை தொங்கட்டும். அதை அவரால் படிக்க முடியும். சென்ற ஆண்டு அவர் கேட்ட கேள்விக்கு, இந்த ஆண்டு நான் உண்மையான பதிலைச் சொல்ல வேண்டும். அதற்கு, நண்பர்களே, நீங்களும் என்னோடு அந்தக் கண்ணாடியைக் கேட்டு வாங்கி அணிய வேண்டும். அணிவோமா?